நெய் குடித்த சம்பந்தி

சென்ற வாரம் இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. கவனித்தீர்களா?

கவனித்தவர்களும் இருக்கிறார்கள். கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு தமிழ்க் கடை. முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"என்ன அண்ணை, போன கிழமை உங்களைப் பேப்பரில காணேல்லை? சுகமில்லையோ?"

"வயித்துக்குக் கொஞ்சம் சரியில்லை, தங்கச்சி."

"ஐயோ... கண்டதையும் சாப்பிட்டனீங்களோ?"

கண்டதைச் சாப்பிட்டிருந்தால் பரவாயில்லையே! நான் நெய் குடித்தேன். சோற்றில் விட்டு அல்ல, தோசையில் தடவி அல்ல. கிளாசில் ஊற்றி, வெறும் வயிற்றில், மருந்து என்று நம்பி.

இது கடையில் நின்று சொல்லக்கூடிய கதையா? பின்னால் வரிசை வேறு. அதனால்தான் இங்கே சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே பத்தி வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும், தயவுசெய்து, சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

வந்துவிட்டீர்களா? சரி.

எல்லாம் ஒரு குட்ஷைனில் தொடங்கியது. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குட்ஷைன் என்றால் பரிசுச் சீட்டு. என்ன பரிசு கொடுப்பது என்று தெரியாதபோது ஜெர்மன்காரர்கள் இதைக் கொடுப்பார்கள். நாங்களோ என்ன கொடுப்பது என்று தெரியாதபோது சுவர்க் கடிகாரம் கொடுப்போம். எங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் பிரிக்காத கடிகாரங்கள் இருக்கின்றன... அது வேறு கதை.

இந்தக் குட்ஷைனைக் கொடுத்தவன் யோனாஸ். என் மகள் துஷாரா கலியாணம் செய்ய விரும்பும் பெடியன். ஆரம்பப் பள்ளி ஆசிரியர். நல்லவன்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான், என் மனைவி ரஞ்சி வைக்கும் மிளகாய்க் கறியைக் கண்ணீர் விட்டபடி முடிப்பான், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுவான்.

ஆனாலும் நான் இன்னும் "ஓம்" சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. பெண்ணைப் பெற்ற தகப்பன் கேட்டவுடனே ஓம் என்றால் மரியாதை இல்லை என்று ஒரு நினைப்பு. அதனால் "பாப்பம்" என்று சொல்லி வைத்திருந்தேன். நான் "பாப்பம்" சொன்ன பிறகு ஒரு கோடை போய், ஒரு குளிர்காலம் போய், மறுபடி கோடையும் வந்துவிட்டது.

என் பிறந்தநாளன்று யோனாஸ் ஒரு உறையை நீட்டினான். முகம் முழுக்கப் பெருமை.

"உங்கள் பண்பாட்டிலிருந்தே ஒன்று கொடுக்க நினைத்தேன்" என்றான்.

பிரித்தேன். 'பாரம்பரிய ஆயுர்வேத உடற் சுத்திகரிப்பு — முழுச் சிகிச்சை.'

எங்கள் பண்பாட்டில் பிறந்தநாளுக்குக் கேக் கொடுப்பார்கள் தம்பி என்று சொல்ல வாய் வந்தது. துஷாரா என்னைப் பார்த்த பார்வையில் வாய் திரும்பிப் போய்விட்டது.

நாங்கள் இருப்பது வுப்பர்டாலில். ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு ஓடும் ஊர். அந்தத் தொங்கு ரயிலில் ஏறிப் போனால், மேட்டுப் பகுதியில் ஒரு பழைய வீட்டின் மேல் மாடியில் ஆயுர்வேத நிலையம். நடத்துபவர் ஹைகே என்ற பெண்மணி. வெள்ளைப் பருத்தி உடை, நரைத்த கூந்தல், அமைதியான குரல்.

என்னைக் கண்டதும் கைகூப்பி "நமஸ்தே" என்றார். நான் "குட்டன் டாக்" என்று கையை நீட்டிவிட்டேன். அவர் கூப்பிய கையைப் பிரித்து நீட்டினார். அதற்குள் நான் என் கையை மடக்கிக் கூப்பினேன். இரண்டு பண்பாடுகளும் கொஞ்ச நேரம் இப்படியே தேகப்பயிற்சி செய்தன.

நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். சம்ஸ்கிருதத்தில் ஏதேதோ சொல்லி, "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரிந்திருக்குமே" என்றார்.

"தெரியும், தெரியும்" என்றேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் போலத் தலையையும் ஆட்டினேன். வாதம், பித்தம், கபம் மூன்றும் எனக்குத் தெரியும். பெயரளவில்.

அடுத்துதான் அந்தக் கேள்வி வந்தது. "வீட்டில் கொழுப்பு ஏதாவது சேர்த்துக்கொள்கிறீர்களா?"

எனக்குக் கொலஸ்ட்ரோல். ரஞ்சி வீட்டில் நெய்ப் போத்தலை எனக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறாள் — எட்டாத இடம் என்றால் உயரம் அல்ல, அவளுடைய கண்பார்வைக்குள். ஒரு காலத்தில் நன்றாகச் சாப்பிட்டோம், இப்போது இல்லை என்று விளக்கலாம் என்று நினைத்து, "நெய்..." என்று ஆரம்பித்தேன்.

"நே?" என்றார் ஹைகே. "அறவே இல்லையா?"

எங்கள் பகுதி ஜெர்மன்காரர்களின் பேச்சு வழக்கில் "நே" என்றால் "இல்லை". நான் சொன்னது நெய். அவர் கேட்டது நே.

நான் திருத்துவதற்குள் அவர் முகத்தில் அத்தனை இரக்கம். "அதுதான் உங்கள் வாதம் இவ்வளவு வறண்டு கிடக்கிறது! பாவம். உங்களுக்கு நெய் கொடுக்க வேண்டும். தினமும். நிறைய."

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நெய் சாப்பிடு என்று உலகத்திலேயே ஒரு வைத்தியர்தான் சொல்கிறார். அவரையும் திருத்துவதா?

நேர்மையாகச் சொன்னால், ஹைகே கெட்டிக்காரி. கொலஸ்ட்ரோல் உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் மாத்திரையில் அடங்கியிருக்கிறது என்றேன். "அப்படியானால் உங்கள் வீட்டு வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்" என்று கறாராகச் சொன்னார். நானும் அழைத்தேன். வைத்தியர் விடுமுறையில் போயிருந்தார். பதிவு செய்த குரல்தான் பேசியது. அந்தக் குரல் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ரஞ்சி சொன்னாள். "உங்களுக்கு விசரே? கொலஸ்ட்ரோல்காரனுக்கு நெய்யோ? ஆர் சொன்னது?"

"வைத்தியர் அம்மா."

"எந்த வைத்தியர் அம்மா?"

"ஹைகே."

"அந்த மனுசிக்கு நீங்கள் அண்ணையின்ர கலியாண வீட்டில லட்டுத் தட்டோட ஒளிச்ச கதை தெரியுமோ?"

தெரியாது. நான் சொல்லவில்லை. மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத தகவல்.

வேலைக்கு விடுப்பு எடுத்தேன். கண்ணை மூடினால் சூடான சோறு தெரிந்தது. அதில் ஒரு பள்ளம், பள்ளத்தில் பருப்பு, பருப்பின் மேல் பொன்னிறமாக உருகி வழியும் நெய்...

கிடைத்தது என்ன? பச்சை நிறத்தில், குளத்துப் பாசியைக் கரைத்தது போல, கசப்பு மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய நெய். போத்தலில் கொடுத்துவிட்டார்கள். காலையில் எழுந்து வெறும் வயிற்றில் சூடாக்கிக் குடிக்க வேண்டும். பிறகு சுடுதண்ணீர். பசி எடுக்கும் வரை வேறு ஒன்றும் இல்லை. பசி எடுத்தால் கஞ்சி. என்ன கஞ்சி? சோறு வெந்ததா, அல்லது சோற்றைத் தூரத்திலிருந்து தண்ணீருக்குக் காட்டினார்களா என்று சந்தேகம் வரும் கஞ்சி.

முதல் வாய் தொண்டையில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது, நானும் நெய்யும் இத்தனை காலம் கொண்டிருந்த அன்புக்கு இது முடிவு என்று. விளக்குக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் புரிந்தது. ஏப்பம் விட்டால் கோயில் வாசம். ரஞ்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்பிடியே ஒரு திரியையும் வாயில வையுங்கோ, வெள்ளிக்கிழமைக்கு உதவும்" என்றாள்.

இதில் இன்னொரு கொடுமை. அளவு ஏறிக்கொண்டே போகும். இன்றைக்கு இவ்வளவு என்றால் நாளைக்கு இன்னும் கூட. கிளாஸ் பெரிதாகப் பெரிதாக எனக்கு ஒரு யோசனை வந்தது.

ரஞ்சி ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். விடிந்ததும் போய்விடுவாள். வீட்டில் நான் மட்டும், கிளாசும், குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியும்.

பாதியை நான் குடித்தேன். பாதியைத் தொட்டிக்குக் கொடுத்தேன். எனக்குப் பாதி, ஜெர்மனிக்குப் பாதி. இந்த நாட்டில் சம்பளத்தையே அப்படித்தானே பிரிக்கிறார்கள்?

ஹைகே என்னை அழைத்துச் சோதித்தார். நெய் உடம்பு முழுக்கப் பரவிவிட்டதற்குச் சில அறிகுறிகள் உண்டாம். தோலைத் தடவிப் பார்த்தார். பிறகு, வானிலையைக் கேட்பது போன்ற சாதாரணக் குரலில், "காலையில் கழிவறையில்... மினுமினுப்புத் தெரிகிறதா?" என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பெற்ற தாய்கூடக் கேட்டதில்லை.

"பெரிதாக மினுங்கவில்லை" என்றேன்.

ஹைகே குழம்பிப்போனார். "ஆச்சரியம்! இவ்வளவு நெய்க்கும் அசையாத வாதமா? இன்னும் சில நாட்கள் குடியுங்கள்."

விதி என்பது இதுதான். தொட்டிக்குப் போன நெய்யின் கணக்கை என் உடம்பு கட்ட வேண்டியதாயிற்று. எல்லாம் தள்ளிப்போய், கடைசிக் கட்டமாகிய பேதி மருந்து குடிக்கும் நாள் சனிக்கிழமையில் வந்து விழுந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் யோனாஸின் தகப்பன் முதல் முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது.

யோனாஸுக்குத் தாய் இல்லை, இறந்துவிட்டார். தகப்பன் வெர்னர் மட்டும்தான். மலைப்பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் தனியாக இருக்கிறார். அதிகம் பேசாத மனிதர் என்று துஷாரா சொல்லியிருந்தாள். சம்பந்தம் பேசத்தான் வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். நானும் கேட்பதற்குக் கேள்விகள் யோசித்து வைத்திருந்தேன். தாலி கட்டுவீர்களா, பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பீர்களா என்று கனமான கேள்விகள். கண்ணாடி முன் நின்று புருவத்தைக்கூட உயர்த்திப் பார்த்திருந்தேன்.

"வேறு நாள் வைக்கலாமா?" என்று ஹைகேயிடம் கெஞ்சினேன்.

"ஆயத்தமான உடம்பு காத்திருக்காது" என்றார். டைரியைப் புரட்டினார். "முந்தின நாள் எண்ணெய்த் தேய்ப்புக்கு என்னிடம் வேறு டெர்மினும் இல்லை." சாஸ்திரத்தோடு வாதாடலாம். ஜெர்மனியில் டெர்மினோடு, அதாவது முன்பதிவு செய்த நேரத்தோடு, வாதாட முடியுமா? "பயப்படாதீர்கள். காலையில் குடித்தால் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்."

அதற்கு முந்தின நாட்களில் எண்ணெய்த் தேய்ப்பும் நீராவியும் நடந்தன. தேய்த்தது உச்சி முதல் பாதம் வரை. வழித்து ஊற்றினால் ஒரு குடும்பத்துக்கு அப்பளம் பொரிக்கலாம். தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டுத் தொங்கு ரயிலில் திரும்பினேன். ஆனி மாத வெயில். காதுக்குப் பின்னால் எண்ணெய் ஒரு நூலாக இறங்கியது. எதிரில் இருந்த மூதாட்டி என்னையே பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு காகிதக் கைக்குட்டை தந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு முழுப் பொதியையும் தந்துவிட்டார். இறங்கும்போது, "எல்லாம் சரியாகிவிடும்" என்றார். நான் அழுகிறேன் என்று நினைத்திருக்கிறார்!

சனிக்கிழமை வந்தது.

விடியற்காலையில் மருந்தைக் குடித்தேன். குசினியில் ரஞ்சி சமையல் தொடங்கிவிட்டாள். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், பாயாசம், நெய்ச்சோறு. ஆம், நெய்ச்சோறு. வாறவை சம்பந்திகள் எண்டால் நெய் இல்லாமல் என்னெண்டு குடுக்கிறது என்று, எனக்கு மறுத்த போத்தலைக் கவிழ்த்து ஊற்றினாள். முந்திரிப்பருப்பு நெய்யில் பொரியும் வாசம் வீடு முழுக்க. ஒரு மாதத்துக்கு முன்பு அந்த வாசத்துக்காக நான் மதம் மாறியிருப்பேன். அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

ஓடிய இடத்திலேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. மருந்து வேலை செய்யத் தொடங்கியது.

எங்கள் வீட்டில் கழிவறை ஒன்றுதான். குசினிக்குப் பக்கத்துச் சுவர். சுவர் மெல்லியது. இந்த மூன்று விவரங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் வந்தது. முடியவில்லை. வெளியே வருவேன், ஒரு சட்டைக்கை போடுவேன், உள்ளே போவேன். மற்றக் கை போட வருவேன், உள்ளே போவேன்.

"அப்பா, அவை பார்க்கிங் தேடுகினம்!" என்று கதவுக்கு வெளியே துஷாரா. "வெளியில வாங்கோ!"

"ஏலாது பிள்ளை."

"எவ்வளவு நேரம்?"

"அதை என்னட்டக் கேக்காத. மருந்திட்டக் கேள்."

மணி அடித்தது. கதவு திறந்தது. இனி நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். ரஞ்சியின் ஜெர்மன் வரவேற்பு. ஒரு கனத்த குரலின் கூச்சமான "நன்றி, நன்றி." துஷாரா தாழ்ந்த குரலில் ஏதோ விளக்கினாள். "ஓ" என்றது கனத்த குரல். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் அனுதாபத்தோடு "ஓ..." என்றது.

பிறகுதான் அந்தச் சத்தம். குளுக்... குளுக்... குளுக்.

என் வயிறு என்று நினைத்தேன். இல்லை. குசினி.

"ஐயோ! தண்ணி போகுதில்லை!" என்று ரஞ்சி கத்தினாள். "எல்லாம் மேல வருகுது! துணி எடு, துணி எடு!"

யோனாஸ் ஓடும் சத்தம். ஏதோ தட்டு விழும் சத்தம். பிறகு கனத்த குரல், எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறையாகக் கூச்சமில்லாமல் சொன்னது: "காரில் என் கருவிப்பெட்டி இருக்கிறது."

சொல்ல மறந்துவிட்டேனே. வெர்னர், ஓய்வு பெற்ற குழாய் வேலைக்காரர்.

அவர் தொட்டிக்குக் கீழே படுத்து, வளைந்த குழாயைக் கழற்றுவது எனக்குத் திருகல் திருகலாகக் கேட்டது. அடுத்து ஒரு பெரிய 'சளார்!' வாளி போதவில்லை. ஜெர்மன் மொழியில் நான் இதுவரை படிக்காத ஒரு சொல்லும் கேட்டது.

பிறகு வாளியில் ஏதோ 'பொத்' என்று விழுந்தது.

"இது என்ன?" என்றார் வெர்னர். "சவர்க்காரம் போல இருக்கிறது. ஆனால் மூலிகை மணக்கிறது."

குழாய்க்குள் ஜெர்மனியின் பங்கு முழுவதும் உறைந்து, ஒரு கட்டியாகச் சேர்ந்திருக்கிறது. ரஞ்சி அதை மோந்து பார்த்திருக்க வேண்டும். அந்த மூச்சு உள்ளே இழுபட்டதுகூட எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

"இஞ்சாருங்கோ!"

நான் கதவின் தாழ்ப்பாளை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

"இஞ்சாருங்கோ, உங்களைத்தான்! குசினிக் குழாய்க்கும் வாதமோ?"

துஷாரா சிரிக்கத் தொடங்கினாள். அவளால் அடக்க முடியவில்லை. மூச்சு வாங்கி வாங்கி அதை யோனாஸுக்கு ஜெர்மனில் சொன்னாள். அவன் தகப்பனுக்குச் சொன்னான். பிறகு தொட்டிக்கு அடியிலிருந்து, தகரக் கூரையில் தேங்காய் உருண்டது போல ஒரு சிரிப்பு எழுந்தது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். மகளின் கலியாணம் பேச வந்த மனிதர். முதல் நாள். நான் அவரை இன்னும் கண்ணால் காணவில்லை. அவரோ என் வீட்டுச் சாக்கடையில் நனைந்துபோய்க் கிடக்கிறார். இனிப் புருவத்தை உயர்த்தி என்ன பயன்? பிள்ளை எத்தனை நாள் இந்தச் சாப்பாட்டுக்காக ஏங்கியிருப்பாள்! எல்லாவற்றையும் நான் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

அப்போது கதவில் மெதுவாக ஒரு தட்டு.

"ஹெர் குலசிங்கம்? நான் வெர்னர்."

"வணக்கம்" என்றேன். வேறு என்ன சொல்ல? "மன்னிக்க வேண்டும், நான் இப்போது —"

"தெரியும். எழும்ப வேண்டாம்."

அந்த நிலையில் ஒரு மனிதனுக்குச் சொல்லக்கூடிய மிக மரியாதையான சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

"குழாய் சரியாகிவிட்டது. நிறையச் சுடுதண்ணீர் விட்டிருக்கிறேன். இனிமேல் கொழுப்பை அதில் ஊற்றாதீர்கள்."

"ஊற்றமாட்டேன்."

"நல்லது."

அவர் போகவில்லை. கதவின் கீழ் இடுக்கில் இரண்டு கால்களின் நிழல் அப்படியே நின்றது.

"ஹெர் குலசிங்கம்... நான் ஒன்று சொல்ல வேண்டும். வழி முழுக்கக் காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு இப்படியெல்லாம் பேச வராது. என் மனைவி இருந்திருந்தால் அவள் பேசியிருப்பாள். உங்கள் முகத்தைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடும் என்று பயந்தேன்." கொஞ்சம் செருமினார். "கதவு பூட்டியிருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது."

"சொல்லுங்கள்" என்றேன்.

"உங்கள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தால், வீட்டில் சத்தம் கேட்கிறது. போன மாதம் வந்து என் தோள்பட்டைக்குப் பயிற்சி சொல்லித் தந்தாள். நான் செய்யவில்லை என்று போனில் ஏசினாள். என்னை யாரும் ஏசி நாளாயிற்று." நிறுத்தினார். "அவ்வளவுதான். அவர்கள் இருவரும் கலியாணம் செய்தால் எனக்குச் சந்தோஷம். உங்களுக்குச் சம்மதமா?"

நான் யோசித்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வயிறு பேசிவிட்டது. நீளமாக. ஏற்ற இறக்கத்தோடு.

கதவின் கீழ் நின்ற நிழல் ஒரு அடி கிட்ட வந்தது.

"அது... ஆமாவா, இல்லையா?" என்று கவலையோடு கேட்டார் வெர்னர்.

"ஆமா!" என்று கத்தினேன். "யா! யா! ஓம்!"

"அம்மா! அப்பா ஓம் சொல்லிட்டார்!" கதவுக்கு வெளியே துஷாராவின் குரல். எல்லோரும் அங்கேதான் நின்றிருக்கிறார்கள்!

"சொன்னவர்தான்" என்றாள் ரஞ்சி. "எங்க இருந்து சொன்னவர் எண்டதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத."

கடைசியில் ஒருவாறு வெளியே வந்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். சாப்பாட்டு மேசையில், நான் வழக்கமாக இருக்கும் கதிரையில், ஒரு பெரிய மனிதர் இருந்தார். வெள்ளை மீசை, தேய்த்த சட்டை, இடுப்பில் என்னுடைய நீலக் கட்டம் போட்ட சாரம். அவருடைய காற்சட்டை பல்கனியில் காய்ந்துகொண்டிருந்தது. சாரம் கழன்று விழாமல் இருக்க யோனாஸ் மேலே ஒரு பெல்ட் வேறு கட்டிவிட்டிருந்தான். அந்த உடை அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றால், எழுந்து எனக்குக் கை கொடுத்த பிறகு, "காற்று நன்றாக வருகிறது" என்று தனியாகச் சொன்னார்.

எனக்கு என்ன கொடுத்தார்கள்? கஞ்சி.

அவருக்கு நெய்ச்சோறு. ஒரு வாய் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது என்ன கொழுப்பு?" என்று கேட்டார். வீட்டில் உருக்கிய நெய் என்று துஷாரா சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய தாயும் வெண்ணெயை இப்படித்தான் உருக்கி வைப்பாராம், உருளைக்கிழங்கு பொரிக்க. பிறகு வைத்தியர் தடுத்துவிட்டாராம். மனைவி சட்டியை நிலவறையில் ஒளித்துவிட்டாராம்.

"எனக்கும் கொலஸ்ட்ரோல்" என்றார், பெரிய இரகசியம் போல.

"ஐயோ, இவருக்குமோ!" என்று ரஞ்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் சம்பந்தியின் கோப்பையை வெறுமையாக விடுவாளா? இன்னும் ஒரு அகப்பை விழுந்தது. "இண்டைக்கு மட்டும்" என்று தமிழில் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அவர் ஒன்றும் புரியாமல், மிகவும் பணிவாகத் தலையாட்டினார். ஏசுவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

நான் கஞ்சியை உறிஞ்சியபடி அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்கிறேன், நம்புங்கள். பொறாமை வரவில்லை. நெய்யை விரும்புகிறவர் ஒருவர் சாப்பிட வேண்டும் என்றுதான் தோன்றியது. இந்த ஒரு குணத்தைப் பார்த்தால், சுத்திகரிப்பு வேலை செய்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

விடுமுறையிலிருந்து திரும்பிய வீட்டு வைத்தியரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த முறை என்னை நேரில் கேட்காமல் ஒரு கரண்டி நெய்கூடக் குடிக்கக் கூடாது, பதிவு செய்த குரல் நான் அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிட்டு இரத்தம் எடுத்து அனுப்பினார். பக்கத்தில் ரஞ்சி, தேர்தலில் வென்றவளைப் போல இருந்தாள்.

ஹைகே கலியாணத்துக்கு வருகிறார். சேலை கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நிலையத்தில் நான் சொன்ன சொல் "நே" அல்ல, "நெய்" என்பதை அவரிடம் எப்போது சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது உறவினர்கள் எல்லோரும் போன் எடுத்து ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். ஜெர்மன்காரரோடு எப்படிச் சம்பந்தம் பேசினீர்கள், முறைப்படி பேசினீர்களா என்று.

முறை கொஞ்சம் மாறித்தான் போயிற்று. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையில் இருப்பார், பெண்ணைப் பெற்றவன் நிற்பான். எங்கள் வீட்டில் அவர் நின்றார். நான் இருந்தேன்.